கீபோர்டு வாசிக்காத சிந்தசைசர் கலைஞர்: பிரையன் ஈனோ உண்மையில் என்ன செய்தார்?

தெருமுனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களாக பிரையன் ஈனோவின் இசைத்தட்டுகளை, வெளிவந்த வரிசையிலேயே கேட்டு வருகிறேன். அவர் சிந்தசைசர் (மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் கருவி) இயக்கிய ராக்ஸி மியூசிக் என்ற ஆங்கில ராக் குழுவின், 1972ல் வந்த முதல் தொகுப்பில் தொடங்கி, மறு ஆண்டின் 'ஃபார் யுவர் பிளஷர்', பிறகு அவர் தனியாக வெளியிட்டவை என்று நகர்ந்து, 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' வரை வந்துவிட்டேன். வரிசையாகக் கேட்டதனால்தான் எனக்குக் குழப்பமே ஏற்பட்டது. முதல் தொகுப்பில் கூச்சலும் கேலியும் பகட்டும் நிறைந்திருக்கின்றன. ஆறேழு ஆண்டுகளுக்குள் அதே மனிதர், அறையில் ஒலித்துக்கொண்டிருப்பதையே நாம் மறந்துவிடக்கூடிய இசையைத் தருகிறார்.

கீபோர்டு ஆசிரியராக இருக்கும் என் நண்பரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "ஒரு ஸ்கேலைக் கூட ஒழுங்காக வாசிக்காதவரையா சிந்தசைசர் கலைஞர் என்கிறீர்கள்?" என்று அவர் சிரித்தார். ஈனோவே தம்மை இசைக்கலைஞர் அல்லாதவர் என்றுதான் பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதால் எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

என் கேள்விகள் இரண்டு. ராக்ஸி மியூசிக்கின் முதல் இரண்டு தொகுப்புகளில், பாட்டு எழுதாத, கீபோர்டை முறையாக வாசிக்காத ஒருவர் செய்த வேலை எது? ஆம்பியன்ட் எனப்படும், சூழலோடு கலந்து பின்னணியாக ஒலிக்கும் இசைக்கு அவர் வந்தது, கட்டுரைகள் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வது போல, 1975ல் நேர்ந்த விபத்தினால்தானா? விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தவருக்கு ஒரு புதிய இசைவகையே தோன்றிவிட்டது என்ற கதையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

---

பழையநாடா எழுதியது:

நல்ல கேள்வி. முதல் பாதிக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

ஈனோ அந்தக் குழுவுக்குள் வந்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும். அவர் இப்ஸ்விச்சிலும் வின்செஸ்டரிலும் ஓவியக் கல்லூரிகளில் படித்தவர். இசைப்பள்ளி எதிலும் பயின்றவர் அல்லர். சாக்ஸபோனும் ஓபோவும் வாசித்த ஆண்டி மெக்கேயிடம் ஒரு வி.சி.எஸ்.3 சிந்தசைசர் இருந்தது. ஈனோவுக்கு டேப் ரிக்கார்டர்களில் நல்ல பழக்கம் இருந்தது. 1971ல் ஏறக்குறைய ஒலித் தொழில்நுட்ப உதவியாளர் என்ற நிலையில்தான் அவர் குழுவுக்குள் நுழைந்தார். தொடக்ககால நிகழ்ச்சிகளில் அவர் மேடையிலேயே நிற்கவில்லை. அரங்கின் பின்புறம், மிக்சருக்கு அருகே அமர்ந்து, மேடையிலிருந்து வந்த ஒலியைத் திருகிக்கொண்டிருந்தார். இறகுக் கழுத்துப்பட்டையும் முகப்பூச்சுமாக அவர் மேடையேறியது பிற்பாடுதான். அவருடைய பணியின் இயல்பு, அவர் முதலில் உட்கார்ந்திருந்த அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

வி.சி.எஸ்.3 என்ற கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். லண்டனில் பீட்டர் சினோவியெஃப் நடத்திய இ.எம்.எஸ். நிறுவனம் 1969ல் அதை வெளியிட்டது. மின்சுற்றுகளை வடிவமைத்தவர் டேவிட் காக்கரெல். மரப்பெட்டிக்குள் மூன்று ஆசிலேட்டர்கள் (ஒலியலையை உண்டாக்குபவை), ஒரு ஃபில்டர் (ஒலி வடிகட்டி), ஒரு ரிங் மாடுலேட்டர் (இரண்டு ஒலிகளைக் கலந்து உருமாற்றுவது), ஒரு ஸ்பிரிங் எதிரொலி, ஒரு ஜாய்ஸ்டிக் ஆகியவை இருக்கும். அந்தப் பெட்டியில் கீபோர்டே கிடையாது. வேண்டுமானால் அதைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். கீபோர்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினாறுக்குப் பதினாறாக 256 துளைகள் கொண்ட ஒரு சிறு பலகை இருக்கும். ஒலி எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் படுக்கை வரிசைகளும், எங்கே போய்ச் சேர்கிறது என்பதைச் செங்குத்து வரிசைகளும் குறிக்கும். இரண்டும் சந்திக்கும் துளையில் ஒரு சிறிய ஊசியைச் செருகினால் இணைப்பு உண்டாகும். தாயக்கட்டத்தில் காய் வைப்பது போலத்தான். ஒரே ஓர் ஊசியைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினாலும் ஒலியின் தன்மையே மாறிவிடும்.

நாம் பேசுகிற விஷயத்துக்கு இன்றியமையாத ஒன்று இனிமேல்தான் வருகிறது. அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து வரும் ஒலியை ஏற்கும் இரண்டு நுழைவாயில்கள் உண்டு. ஃபில் மன்சனேராவின் கிட்டாரையோ மெக்கேயின் சாக்ஸபோனையோ அதற்குள் செலுத்தினால், அவர்கள் வாசிக்கும் சுரம் மறுபுறம் வேறு பொருளாக வெளிவரும். ரிங் மாடுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் 220 ஹெர்ட்சில் ஒரு சுரத்தை ஒலிக்கும்போது ஆசிலேட்டரை 300 ஹெர்ட்சில் வைத்திருந்தால், வெளியே கேட்பவை 80, 520 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டுதான். அதாவது அவற்றின் கழித்தலும் கூட்டலும். கிட்டார்க்காரர் வாசித்த சுரம் அங்கே இருக்காது. அவருடைய விரலின் அழுத்தமும் தாளமும் மட்டும் எஞ்சியிருக்கும். சுரம் மணியோசை போலச் சிதைந்திருக்கும். இதன் மென்பொருள் வடிவத்தைக் கணினியில் வைத்துப் பல இரவுகளை வீணடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கருவியில் பயிற்சி வேண்டியது விரலுக்கு அன்று, காதுக்குத்தான்.

கேட்டுப் பார்க்கச் சில இடங்கள்: முதல் தொகுப்பில் 'லேடிட்ரான்' தொடங்கும் விதம், 'ரீ-மேக்/ரீ-மாடல்' பாடலின் இறுதியில் ஒவ்வொருவரும் தத்தம் கருவியில் ஓரிரு கணம் தனியே ஒலிக்கும்போது வி.சி.எஸ்.3 செய்யும் குறும்பு, இரண்டாம் தொகுப்பில் 'எடிஷன்ஸ் ஆஃப் யூ' பாடலின் சிந்தசைசர் தனி ஆவர்த்தனம். கடைசியாகச் சொன்னது முறையாக வாசிக்கத் தெரிந்தவர் துணியாத ஒன்று. கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் அதே காலத்தில் மூக் சிந்தசைசரில் செய்தவற்றோடு ஒப்பிட்டால், ஒருவர் சிந்தசைசரைப் பியானோவின் தம்பியாகவும், மற்றவர் டேப் ரிக்கார்டரின் அண்ணனாகவும் கருதினார் என்பது விளங்கும்.

உங்கள் நண்பர் சொல்வது சரிதான். ஆனால் அவர் வேறொரு கருவியைப் பற்றிப் பேசுகிறார்.

---

குமிழ் எழுதியது:

பழையநாடா அவர்களின் விளக்கம் அருமை. எனினும் சற்று அன்பு மிகுந்திருக்கிறது. அந்தப் பாடல்கள் குழுவின் பாடகர் பிரையன் ஃபெர்ரியுடையவை என்பதை யாரேனும் நினைவுபடுத்த வேண்டும். 1973ல் ஈனோ வெளியேறிய பின், கீபோர்டும் வயலினும் முறையாகப் பயின்ற எட்டி ஜாப்சன் பதினெட்டு வயதில் அந்த இடத்துக்கு வந்தார். அவரோடு பதிவு செய்த 'ஸ்டிராண்டட்' எந்த வகையிலும் குறைந்த தொகுப்பு அன்று. ஈனோவே பிற்காலத்தில் அதை உயர்வாகப் பேசியிருக்கிறார். ஒருவர் போன பின்பும் குழு வளர்ந்தது என்றால், அவர் தூணாக இருந்திருக்கவில்லை என்றுதானே பொருள்?

'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பிலும் எல்லோரும் உருகுவது முதல் பகுதிக்கு. அதில் நாம் கேட்பது ராபர்ட் வயட்டின் பியானோ. பாடகர் டேவிட் போவியின் 'லோ' தொகுப்பை ஈனோ தயாரித்தார் என்று இணையத்தில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். தயாரித்தவர்கள் போவியும் டோனி விஸ்கான்டியும். அருகில் இருந்ததற்கெல்லாம் இவருக்குப் பெயர் கிடைக்கிறது.

---

மழைக்குறிப்பு எழுதியது:

'லோ' பற்றி குமிழ் சொல்லியிருப்பது உண்மை. அந்தத் தவறு திருத்தப்பட வேண்டியதே. ஆனால் வயட்டின் பியானோ என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. வயட் வாசித்தது சில கணங்கள். அந்தச் சிறு துண்டை எடுத்து, சுற்றவிட்டு, பதினாறு நிமிடங்களுக்கும் மேல் அதற்கு மட்டுமே இடம் கொடுத்துவிட்டு விலகி நிற்கலாம் என்று முடிவெடுத்தது யார்? அதன் ஆக்கத்தில் ஈனோவோடு வயட்டின் பெயரும் ஒலிப்பதிவாளர் ரெட் டேவிசின் பெயரும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

இனி இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். விபத்துக் கதையை முழுமையாக ஏற்க முடியவில்லை என்ற உங்கள் ஐயம் நியாயமானது. ஏனெனில் தேதிகள் ஒத்துவரவில்லை.

விபத்து நடந்தது 1975 ஜனவரியில். ஆனால் 1972 செப்டம்பரிலேயே, அதாவது ராக்ஸி மியூசிக்கின் முதல் தொகுப்பு வெளிவந்து மூன்று மாதங்கள் ஆன நிலையில், கிங் கிரிம்சன் குழுவின் கிட்டார்க் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் ஈனோவின் வீட்டுக்கு வந்து, அங்கிருந்த இரண்டு ரெவாக்ஸ் டேப் ரிக்கார்டர்களின் வழியே வாசித்தார். அன்று பதிவானது ஏறத்தாழ 21 நிமிட இசை. 'நோ புஸ்ஸிஃபுட்டிங்' என்ற தொகுப்பின் முதல் பக்கமாக 1973 இறுதியில் வெளிவந்தது. அதில் தாளம் கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு சுரத்தின் மேல் இன்னொரு சுரம் மெல்லப் படிந்துகொண்டே போகிறது. எனவே மேடையில் இறகு அணிந்து நின்ற காலத்திலேயே அவர் வீட்டில் மற்ற இசையையும் செய்துகொண்டிருந்தார். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் போனவர் என்று அவரைச் சொல்வதற்கு இடமில்லை.

அந்த அமைப்பு எளிமையானது. முதல் இயந்திரத்தில் பதிவாகும் நாடா அங்கேயே சுற்றிக்கொள்ளாமல், இடைவெளியைத் தாண்டிச் சென்று இரண்டாவது இயந்திரத்தில் ஒலிக்கும். அந்த ஒலி மீண்டும் முதல் இயந்திரத்துக்கு அனுப்பப்பட்டு, புதிதாக வாசிப்பவற்றோடு சேர்ந்து பதிவாகும். நொடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில், இரண்டு முனைகளுக்கும் இடையே 95 சென்டிமீட்டர் தூரம் இருந்தால், வாசித்தது ஐந்து நொடி கழித்துத் திரும்பி வரும். இது ஈனோவின் கண்டுபிடிப்பும் அன்று. அமெரிக்க இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலியும் பாலின் ஒலிவெரோசும் 1960களிலேயே இதைக் கையாண்டிருக்கிறார்கள். மற்றோர் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965ல் ஒரே குரலின் இரண்டு நாடாச் சுற்றுகளை ஒன்றைவிட்டு ஒன்று விலகும்படி ஓடவிட்டதைக் கேட்டு வியந்ததை ஈனோ பலமுறை சொல்லியிருக்கிறார்.

நானும் ஒரு முறை இதை முயன்றேன். மூடப்படவிருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கிடைத்த இரண்டு ஸ்பூல் ரிக்கார்டர்களை மேசையின் இரு முனைகளில் வைத்து, நாடாவை இழுத்துப் பூட்டினேன். இரண்டின் வேகமும் இம்மியளவு வேறுபட்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள் நடுவில் நாடா தொங்கத் தொடங்கியது. பென்சிலால் தூக்கிப் பிடித்தேன். அது மடிந்து இயந்திரத்துக்குள் சிக்கியது. ஆனால் சிக்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் ஒன்றைக் கற்றேன்: ஒரு சுரத்தை வாசித்துவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அடுத்த சுரத்தை எப்போது வாசிக்காமல் இருப்பது என்பதே பெரும் முடிவாகிவிடுகிறது.

விபத்துக் கதைக்கு வருவோம். டாக்சி மோதிப் படுத்திருந்த ஈனோவைப் பார்க்க வந்த அவருடைய தோழி ஜூடி நைலன், பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். அவர் போன பிறகு தட்டை ஓடவிட்டுப் படுத்த ஈனோ, ஒலி மிகக் குறைவாக இருந்ததையும், ஸ்டீரியோவின் ஒரு பக்கம் வேலை செய்யாததையும் உணர்ந்தாலும், எழுந்து சரிசெய்ய வலுவில்லாததால் மழையோசையோடு கலந்தபடியே அதைக் கேட்டார் என்பது 'டிஸ்கிரீட் மியூசிக்' உறையில் அவரே எழுதியது. நைலன் பிற்பாடு சொன்னது வேறு: மழைக்கும் ஹார்ப்புக்கும் பொருந்தும்படி ஒலியளவைத் தற்செயலாக அன்றி வேண்டுமென்றே அமைத்ததாக அவர் கூறுகிறார். எது சரியாக இருந்தாலும், அந்த நிகழ்ச்சி ஈனோவுக்குக் கற்றுத் தந்தது கேட்கும் முறையை. செய்யும் முறை அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

அதே ஆண்டு வந்த 'டிஸ்கிரீட் மியூசிக்' தொகுப்பின் உறையில், சிந்தசைசரிலிருந்து ஒலி எந்தெந்தக் கருவி வழியாகச் சென்று திரும்புகிறது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. சுரக்குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் அவர் கொடுத்திருப்பது அந்த வரைபடம். கைப்பெட்டி வடிவிலான சிந்தி ஏ.கே.எஸ். என்ற சிந்தசைசரின் நினைவகத்தில், நீளம் வேறுபட்ட இரண்டு எளிய மெட்டுகள். அவற்றைச் சுற்றவிடும் இரண்டு ரிக்கார்டர்கள். ஃப்ரிப் மேடையில் வாசிக்கப் பின்னணியாக இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தார். பதிவின்போது தொலைபேசி மணியடிக்க, கதவை யாரோ தட்ட, அவற்றைக் கவனித்துக்கொண்டே இடையிடையே குமிழ்களைத் திருகியதாக அவர் சொல்லியிருக்கிறார். முப்பது நிமிடப் பதிவு அது.

ஏர்போர்ட்ஸ் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் கேட்கும் குரல்களும் இதே வழிதான். ஜெர்மனியில் ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்கின் கூடத்தில், அலுமினியக் குழாய் நாற்காலிகளைச் சுற்றி நாடாவை ஓடவிட்டிருக்கிறார்கள். 1996ல் ஆற்றிய ஓர் உரையில், ஒரு சுற்று இருபத்து மூன்றரை நொடி, அடுத்தது இருபத்தைந்தே முக்காலுக்குச் சற்று அதிகம், மூன்றாவது முப்பதுக்கு இம்மி குறைவு என்று ஈனோ தோராயமாகச் சொன்னார். அவர் சொன்ன பின்னங்களை (23 1/2, 25 7/8, 29 15/16) அப்படியே வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் இரண்டும் ஒருசேரத் தொடங்கினால், மறுபடி ஒருசேரத் தொடங்க 81 நிமிடம் ஆகும். மூன்றும் சேர்ந்து தொடங்க ஏறக்குறைய 27 நாள் காத்திருக்க வேண்டும். இசைத்தட்டில் நமக்குக் கிடைப்பது அதில் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவானது.

---

தெருமுனை எழுதியது:

27 நாள் என்பதைப் படித்துவிட்டு நானும் ஒரு முறை பெருக்கிப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. பழையநாடா சொன்ன 'எடிஷன்ஸ் ஆஃப் யூ' பாடலையும் மறுபடி கேட்டேன். இவ்வளவு நாள் அதை யாரோ தவறுதலாக அழுத்திவிட்ட ஒலி என்று நினைத்திருந்தேன்!

இடைப்பட்ட காலம் இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. 'அனதர் கிரீன் வேர்ல்ட்', போவியோடு செய்தவை ஆகியவற்றில் பாட்டும் இருக்கிறது, பாட்டில்லாதவையும் இருக்கின்றன. அங்கே அவர் கலைஞரா, தொழில்நுட்பரா?

---

பழையநாடா எழுதியது:

இரண்டுக்கும் நடுவே கோடு போட முடியாத காலம் அது. 1975ன் 'அனதர் கிரீன் வேர்ல்ட்' தொகுப்பில் பதினான்கு உருப்படிகள். ஐந்தில் மட்டும் பாடல் வரிகள். 'தி பிக் ஷிப்' முழுவதையும் அவர் ஒருவரே சிந்தசைசரிலும் தாள இயந்திரத்திலும் செய்தார். 'செயின்ட் எல்மோஸ் ஃபயர்' பாடலிலோ, இரு முனைகளுக்கு இடையே மின்பொறி தாவும் விம்ஷர்ஸ்ட் இயந்திரத்தைக் கற்பனை செய்து வாசிக்கும்படி ஃப்ரிப்பிடம் கேட்டார். சுரம் எதையும் சொல்லவில்லை. ஒரு பொருளின் நடத்தையைச் சொன்னார். அந்தக் கிட்டார் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டால் பொறி தெறிப்பது தெரியும்.

'லோ' விஷயத்தில் குமிழ் சொன்னதை ஏற்றுக்கொண்டே, 'வார்சாவா'வை மட்டும் ஈனோவின் கணக்கில் எழுதலாம். 1976ல் பிரான்சின் எருவில் மாளிகையில் பதிவு நடந்தபோது, வழக்கு ஒன்றுக்காக போவி பாரிசுக்குப் போயிருந்தார். விஸ்கான்டியின் நான்கு வயது மகன் பியானோவில் மூன்று சுரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தான். ஈனோ அவன் அருகே அமர்ந்து அதை மெட்டாக வளர்த்தார். தாளம் கணக்கிட நாடாவில் 430 தட்டொலிகளைப் பதிவு செய்து, எண்ணிட்டு, எந்த எண்ணில் எந்தக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்தார்கள். பிற்பாடு தட்டொலிகளை அழித்துவிட்டால், எதன் மேல் நிற்கிறது என்று தெரியாமல் மிதக்கும் இசை மிஞ்சும். ஊர் திரும்பிய போவி அதன் மேல் பாடினார். 1977 ஜனவரியில் தட்டு வெளிவந்தது.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், சிந்தசைசரால் பெயர் பெற்றவர் அதை மெல்லக் கைவிட்டதுதான். 1982ன் 'ஆன் லேண்ட்' உறைக் குறிப்பில், சிந்தசைசரின் பயன் தமக்குக் குறைந்துகொண்டே வந்ததாகவும், சங்கிலித் துண்டு, குச்சி, கல் போன்றவற்றுக்கும் காகம், தவளை, பூச்சி ஆகியவற்றின் பதிவுகளுக்கும் தாம் நகர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார். உருப்படிகளுக்கு வைத்த பெயர்களில் சில, அவர் பிறந்து வளர்ந்த சஃபோக் பகுதியின் இடப்பெயர்கள்: லேன்டர்ன் மார்ஷ், டன்விச் கடற்கரை. சதுப்பு ஒன்று, கடல் கொண்டுபோன பழைய துறைமுக ஊர் மற்றொன்று.

அந்த உறையிலும் ஒரு வரைபடம் உண்டு. வழக்கமான இரண்டு ஸ்பீக்கர்களோடு மூன்றாவது ஒன்றை அறையின் பின்பக்கம் வைத்து, அதன் இரு கம்பிகளையும் இடது, வலது வெளியீடுகளின் சிவப்பு முனைகளில் இணைக்கச் சொல்கிறார். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இன்றைய சில கருவிகளில் இது ஆபத்து, கையேட்டைப் பார்க்காமல் செய்ய வேண்டாம்.

---

குமிழ் எழுதியது:

ஃப்ரிப்பிடம் மின்பொறியைக் கேட்டது எனக்குப் புதிய செய்தி. தூண் அல்லர் என்றேன், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கட்டடத்தின் ஈரப்பதத்தை மாற்றியவர் என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

---

தெருமுனை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில், கையேட்டைப் பார்த்துவிட்டு, மூன்றாவது ஸ்பீக்கரைக் கட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். முதலில் சோதனைக்காக ராக்ஸி மியூசிக்கைப் போட்டேன். ஃபெர்ரியின் குரல் பின்னால் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. நடுவில் வைத்துக் கலந்த எதுவும் அந்த ஸ்பீக்கரில் வராது போலும். அவர் இல்லாத இடத்தில், ஓரங்களில் கிடந்த எதிரொலியும் இரைச்சலும் மட்டும் கேட்டன. பிறகு 'ஆன் லேண்ட்' போட்டேன். தவளைச் சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. கீபோர்டு ஆசிரியரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன்.